சுற்றிலும் பதினொன்று

துறைமுகத்து அளவை அலுவலகத்தில் கடல் வரைபடம் வரைகிற பெண்ணை எல்லோரும் கோடு என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள் என்று அவளுடைய அண்ணன் வைத்த பெயர். பிறகு அவள் கோடு போட்டே சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை, பேர் வைத்தவன் நான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவனும் அதே அலுவலகத்தில்தான் அளவைப் படகை ஓட்டினான். படகு கடலுக்குப் போய் ஆழத்தை அளந்துகொண்டு வரும். அந்த எண்களை அவள் பெரிய ஃபிலிம் தாளில் மையால் எழுதுவாள். அண்ணன் உழுகிறான், தங்கை அறுக்கிறாள் என்று அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு.

அளந்த இடத்தில் எண் இருக்கும். அளக்காத இடம் வெள்ளையாகக் கிடக்கும். அந்த வெள்ளைக்குள் ஊகத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது என்பது சர்வேயர் சார் அவளுக்குச் சொன்ன முதல் பாடம். இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பன்னிரண்டு என்றால் நடுவில் பதினொன்றாகத்தானே இருக்கும் என்று கை பரபரக்கும். பரபரக்கிற கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொள் என்பார் அவர். நடுவில் ஒரு பாறை இருந்துவிட்டால் உன் பதினொன்றை நம்பி வருகிறவன் கதி என்ன?

படகில் இதற்கென்று ஒரு பேச்சு இருந்தது. வெள்ளைக்குள் நுழையும்போது முன்னால் நிற்பவர் திரும்பி, "அளக்காத தண்ணி" என்பார். சுக்கான் பிடிக்கிறவர், "நிக்கல, மெதுவாப் போறேன்" என்று பதில் சொல்லிவிட்டு இன்ஜினைத் தணிப்பார். நிறுத்தவே மாட்டார். நின்ற படகை நீரோட்டம் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், போகிற படகுதான் சுக்கான் சொன்னதைக் கேட்கும்.

அண்ணன் அந்தப் பேச்சை உப்பு ஒட்டிய சட்டையோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அம்மா புது பிரஷர் குக்கரை முதல் தடவை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, டேய், இது அளக்காத தண்ணிடா என்று குரல் கொடுத்தாள். கோடு வேலைக்குப் போன முதல் நாள் செருப்பை மாட்டிக்கொண்டே அதைச் சொன்னாள். பேங்க்கில் பணம் எடுக்கும் மெஷின் முன்னால், இடுப்பு வலிக்குப் புது டாக்டரிடம் போகும்போது, சொந்தக்காரர் வீட்டுச் சண்டையில் சமாதானம் பேசப் போகும்போது, யாராவது ஒருவர் அதைச் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த மறுநாள் எந்த டப்பாவில் உப்பு, எதில் சர்க்கரை என்று தெரியாமல் அண்ணி அடுப்படியில் நின்றபோது, அவளுக்காக அம்மாவே சொன்னாள். அண்ணி திருதிருவென்று விழித்து, "என்ன தண்ணி அத்தை? கொண்டு வரணுமா?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்க அன்று வெகுநேரம் ஆனது.

யார் முதல் பாதியைச் சொன்னாலும் பதில் அவனுடையதுதான். பதில் சொல்லுமுன் நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தட்டுவான், ஓட்டில் பல்லி சத்தம் போட்ட மாதிரி இருக்கும். பிறகு, "நிக்காத. மெதுவாப் போ" என்பான்.

அம்மாவுக்கு அது சுலபத்தில் பிடிபட்டதல்ல. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள். எல்லோரும் அப்படியே கரையில் நின்றால் ஆழத்தை யார்தான் பார்த்துச் சொல்வது, எனக்குச் சம்பளமே காலை விடுவதற்குத்தான் என்று அவன் கேலி செய்வான். ஒரு விடுமுறை நாளில் துணி துவைக்கும் தொட்டியை நிரப்பி, கலங்கலாக்கி, அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, நூலில் கட்டிய பொத்தானை அம்மா கையில் கொடுத்து ஆழம் பார்க்கச் சொன்னான். கிண்ணம் இருந்த இடத்தில் நூல் சீக்கிரம் தளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாததை இப்படித்தானம்மா கண்டுபிடிக்கிறோம், அடியில் ஏதாவது கிடந்தால் அதற்கு மேலே தண்ணீர் குறையும் என்றான். ஒரு தொட்டித் தண்ணீரை வீணாக்கினதுதான் மிச்சம் என்று அவள் திட்டினாலும், அவன் வெளியே போன பிறகு இன்னும் இரண்டு முறை பொத்தானை இறக்கிப் பார்த்ததைக் கோடு பார்த்தாள்.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கியிருந்தது. அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே, தெற்குப் பக்கம், ஒரு மிதவை அறுத்துக்கொண்டு போய்விட்டதென்று காலையில் தகவல் வந்தது. கூட வருகிறவருக்குக் காய்ச்சல். தனியாகவே போய் இழுத்து வருகிறேன், ஊற்றிய டீ ஆறுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் படகை எடுத்தான். அந்தத் தெற்குப் பகுதி வரைபடத்தில் வெள்ளை. மழை சுவர் மாதிரி இறங்கியது. அவ்வளவுதான். படகில் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், மழைக்குள்ளே அங்கே ஏதோ கவிழ்ந்த மாதிரி இருந்தது, சத்தியம் பண்ணச் சொன்னால் மாட்டேன் என்றார்.

அப்படி ஒருவர் சொன்னாலும் போதும், வரைபடத்தில் குறித்தாக வேண்டும். புள்ளி புள்ளியாக ஒரு வட்டம், பக்கத்தில் பொடி எழுத்தில் 'மூழ்கிய படகு, சந்தேகம்'. பிறகு யாராவது போய் அளந்து அங்கே ஒன்றுமில்லை என்று காட்டும்வரை அதை அழிக்கக் கூடாது. வேறு ஆளை விட்டு எழுதச் சொல்கிறேன் என்றார் சர்வேயர் சார். அது என் மேசை வேலை சார் என்று சொல்லிவிட்டு அவளே எழுதினாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பிற்பாடு தோன்றியது.

சந்தேகம் என்றால் என்னடி என்று அம்மா கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாள் கோடு. அம்மா அந்த இரண்டாவது பாதியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வருஷங்கள் போயின. வீட்டில் அந்தப் பேச்சை நிறுத்திவிட வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நிறுத்திவிட்டார்கள். வாய்தான் கேட்கவில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் மூன்று பேரும் லிஃப்டில் ஏறினார்கள். கதவு மூடியதும் அம்மா தன்னையறியாமல், "அளக்காத தண்ணி" என்றுவிட்டாள். பிறகு மூன்று பேரும் காத்திருந்தார்கள். லிஃப்ட் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பதில் வரவேண்டிய இடம் அந்தப் பெட்டிக்குள் நாலாவது ஆள் மாதிரி நின்றது. அம்மா சுவரோடு ஒட்டி நகர்ந்து அதற்கு இடம் விட்டாள்.

அதற்குப் பிறகு அது அடிக்கடி நடந்தது. கியாஸ் சிலிண்டர் மாற்றும்போது அண்ணி, புதுப் பேருந்து வழித்தடத்தில் கோடு, யாராவது முதல் பாதியை நழுவவிட்டுவிடுவார்கள். உடனே வீடு காதைத் தீட்டிக்கொள்ளும். நாக்கைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது என்று அம்மா சில நாள் சொல்வாள். பல்லியாக இருக்கும் என்பாள் கோடு. அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு நாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்த கோட்டின் பக்கத்தில் வந்து நின்று, நானும் கேட்டேன், அத்தையிடம் சொல்லிவிடாதே என்றாள்.

அண்டை வீட்டுக்காரி ஒருமுறை, கப்பல் கவிழ்ந்த மாதிரி ஏன் கன்னத்தில் கை வைத்திருக்கிறீர்கள் என்று ஊரில் எல்லோரும் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "கவுந்துச்சான்னு தெரியாது. அதான் வெச்சிருக்கேன்" என்றாள்.

அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை. அதை நடத்துகிறவர் மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். தலைவலி மாத்திரை வாங்கவே அவருக்கு அத்தனை தலைவலி வருமா என்று கடைப் பெண்கள் கிண்டல் செய்தார்கள். ஒரு நாள் அவர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிட்டார், ஒரே ஒரு தடவை. அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை, காத்திருந்தார். "அந்த ஆளு தொழில் புத்தி கோடு, என்னப் பாத்தாகூட இப்பத் தெளிவாத் தெரியுதா, இப்பத் தெரியுதான்னுதான் கேக்கறார்" என்று சொல்லி அண்ணி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

அம்மாவிடம் கோடுதான் விஷயத்தைக் கொண்டுபோனாள். அம்மா கோபப்படவில்லை. "படகு கிடைக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றாள். இருப்பவனுடைய பெண்டாட்டியை நான் எப்படி இன்னொரு வீட்டுக்கு அனுப்புவேன் என்றாள். உன் ஆபீசில் இத்தனை பேர் உட்கார்ந்து ஊர்த் தண்ணீரையெல்லாம் அளக்கிறீர்களே, என் பிள்ளை கிடக்கிற இடத்தை அளக்க ஒருத்தனுக்கும் துப்பில்லையா என்றும் கேட்டாள். மறுநாள் அண்ணி வேலைக்குப் போகும்போது எதிர்க்கடைப் பக்கம் திரும்பாமல் போனாள்.

பெரிய கப்பல்கள் வரப்போகின்றன, தெற்கே புது வழி வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது அப்போதுதான். கடலடியை அங்குலம் விடாமல் ஒலியால் தடவிப் பார்க்கிற புதுக் கருவியோடு படகு வெள்ளைக்குள் இறங்கியது. வீட்டில் மூன்று பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வாசலைப் பார்த்தாள், அண்ணி கோட்டின் முகத்தைப் பார்த்தாள். கோடு தட்டைப் பார்த்தாள்.

அளவு வந்து சேர்ந்த அன்று சர்வேயர் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, திரையைக் காட்டினார். வட்டம் இருந்த இடத்தில் கடலடி துடைத்த தரைபோல இருந்தது. பதினொரு மீட்டர். சுற்றிலும் நெடுந்தூரத்துக்கு அதே பதினொரு மீட்டர். பாறை இல்லை, மேடு இல்லை, படகும் இல்லை. தெற்குப் பகுதி முழுக்கத் தேடியாயிற்று, எங்கேயும் இல்லை என்றார்.

"அப்ப எங்க சார் போச்சு?"

"சேறு முழுங்கியிருக்கலாம். நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கலாம். அங்க இல்லைங்கிறது மட்டும்தாம்மா நமக்குத் தெரியும்."

வட்டத்தை எடுத்துவிடச் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

ஃபிலிமில் ஏறிய மையை ரப்பரால் அழிக்க முடியாது, பிளேடால் சுரண்ட வேண்டும். அவள் மேசை விளக்கைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டினாள். கறுப்புப் பொடி விரலில் ஒட்டியது. பிறகு 'மூழ்கிய படகு'. கடைசியாக 'சந்தேகம்'. அந்த இடத்தில் பதினொன்று என்று எழுதினாள். பொடியை ஊதிவிட வாய் குவிந்தது, ஊத மனம் வரவில்லை. கைக்குட்டையில் தட்டி மடித்து வைத்துக்கொண்டாள்.

பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் அவளுக்கு முழுவதும் உறைத்தது. அங்கே இல்லை என்று சொன்னால் அம்மா நான்தான் சொன்னேனே என்பாள். இனி எந்தக் கடலை அளந்து யார் வந்து என்ன சொல்வது? அண்ணி அந்த வீட்டில் மருமகளாகவே கிழவியாவாள். கண்ணாடிக்கடைக்காரர் எத்தனை நாள் தலைவலியோடு இருப்பார்? வெள்ளையில் ஒரு புள்ளி வைத்தறியாதவள் அன்றைக்கு வைப்பதென்று முடிவு செய்தாள். கிடைத்துவிட்டது என்ற ஒரு வார்த்தையை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகினாள். பக்கத்து இருக்கைக்காரர் என்ன தொலைந்தது என்று கேட்டார்.

வீட்டில் இருவரும் கூடத்தில் இருந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து தரையில். அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றிருந்தாள். கோடு செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கிடைச்சிருச்சும்மா" என்றாள்.

அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து வந்த கோட்டுக்கு, அவள் கேட்ட கேள்வியால் தூக்கிவாரிப்போட்டது. படகுக்காரனைப் பெற்றவள் கேட்கும் கேள்வி அது.

"மேல எவ்வளவு தண்ணி?"

"பதினொண்ணு." யோசிக்காமல் வந்துவிட்டது. விரலில் இன்னும் மை காயாத எண்.

"சுத்தி?"

இங்கேதான் அவள் ஒரு எண்ணைக் கட்டியிருக்க வேண்டும். பதின்மூன்று என்று சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தாள். அளக்காத எண் அவள் கைக்கு வராத மாதிரியே வாய்க்கும் வரவில்லை.

"பதினொண்ணு" என்றாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலங்கல் தொட்டியும் கவிழ்த்த கிண்ணமும் தளர்ந்த நூலும் அந்தக் கண்ணில் வந்துபோனதைக் கோடு பார்த்தாள்.

"மேலயும் பதினொண்ணு, சுத்தியும் பதினொண்ணுன்னா, அங்க ஒண்ணும் இல்லடி."

கோடு தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லிப் பிடிபட்டது இது முதல் தடவையல்ல. சின்ன வயதில் சொன்னதற்கெல்லாம் அம்மா ஏன் சொன்னாய் என்று கேட்டுத்தான் அடிப்பாள். இப்போது ஏன் என்று கேட்கவில்லை. பார்வையை மெல்லத் திருப்பி, பையோடு நிற்கிற மருமகளைப் பார்த்தாள். ஏன் என்பது அங்கே நின்றுகொண்டிருந்தது.

குழாயடியில் யாரோ குடத்தை இழுக்கும் சத்தம் கேட்டது. முதலில் வாய் திறந்தது அண்ணிதான். அவள் அத்தையிடம் எதுவும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள்.

"அவர் அங்க இல்லன்னா வேற எங்கயோ இருக்காருன்னு நீங்க நினைப்பீங்க அத்தை. நினைங்க. நானும் இத்தன நாள் அப்படித்தான் நின்னேன். இனிமே முடியல" என்றாள். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல, "போகவும் பயமா இருக்கு. அளக்காத தண்ணி" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். வழக்கம்போல மூன்று பேரும் காத்திருந்தார்கள். வழக்கம்போல அந்த இடம் வந்து நின்றது.

அப்போது நாக்கை மேலண்ணத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. பல்லியில்லை.

"நிக்காத" என்றாள் அம்மா. "மெதுவாப் போ."

குரல் அம்மாவுடையதுதான், அவள் உதடுதான் அசைந்தது. ஆனாலும் கோட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த இழுப்பு, கடைசி எழுத்தைக் கீழே இறக்கி வைக்கிற விதம் எதுவும் அம்மாவுடையதல்ல. சொன்னவளே சொன்னது யார் என்பதுபோல வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணி பையை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்கடைக்காரர் வந்து அண்ணியை அழைத்துக்கொண்டு போனபோது, அம்மா வாசல்வரை வந்தாள். அண்ணி காலெடுத்து வைத்ததும், உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள் என்று மட்டும் பின்னாலிருந்து சொன்னாள்.

புது வரைபடம் அச்சாகி வந்தது. சுரண்டிய இடத்தில் ஃபிலிம் சொரசொரப்பாகிவிடும், தூசியைப் பிடித்துக்கொள்ளும். தெற்கே, பதினொன்று என்ற எண்ணைச் சுற்றி, பொத்தான் அளவுக்கு ஒரு மங்கல் நிழல் விழுந்திருந்தது. சர்வேயர் சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், துடைக்கச் சொன்னார். அவள் பவுடர் போட்டுத் துடைத்தாள். அடுத்த அச்சிலும் விழுந்தது. அதற்கடுத்ததிலும். சரி விடு, எண்ணுதான் கணக்கு, நிழல் கணக்கில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கப்பல்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் அந்தப் படத்தை வைத்துத்தான் தெற்கு வழியில் போய் வருகிறார்கள். பதினொன்று என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் எல்லோரும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகிறார்கள் என்று படகுத்துறையில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லையாம்.

கோடு அதை வீட்டில் சொன்னாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒதுங்கறப்ப நிக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மெதுவாப் போறாங்க."

அம்மா குழாயை மூடினாள். இருவரும் கொஞ்சநேரம் காதைக் கொடுத்து நின்றார்கள்.